பேபிக்கு வயது பதின்மூன்று

மல்வேர்ன், ரொறன்ரோ
9.11.1997

அன்பு மருமகள் நிலாணிக்கு,

மாமா நல்ல சுகம். நீயும் பிள்ளையளும் அக்கராயனில் ஷெல் விழாத பக்கமாக இருக்க நல்லூரான் துணை.

உன்ரை மாடு இரண்டு வருசமாய்க் கன்று போடவில்லை, இறைச்சிக்காரன் கேட்டு வாறான், என்ன செய்ய எண்டு கேட்டிருந்தாய். சரியான ஆளைத்தான் கேட்டாய். ஸ்ரௌவ்விலுக்கு அங்காலை இருநூறு இறைச்சி மாடுள்ள பண்ணை என்ரை சொல்லில்தான் ஓடுது. முதலாளி கஸ்பர் என்னைக் கேளாமல் ஒரு கன்றும் விற்கமாட்டான். போன கிழமை ஒரு காளை என்னைக் கண்ட பயத்தில் வேலியை முறிச்சுக்கொண்டு ஓடினது.

விசயம் இதுதான். தலைக்கன்று போடுற இளம் பசுவுக்குக் கஷ்டம், கன்றும் சின்னன், திரும்பச் சினைப்படவும் சுணங்கும். ஐந்து வயதிலிருந்து ஒன்பது, பத்து மட்டும்தான் திறம். பிறகு பல்லுத் தேயும், உடம்பு மெலியும், பால் குறையும், கன்று நிறை வைக்காது, சினையும் பிடிக்காது. மிருகவைத்தியருக்கே இதை நான்தான் விளங்கப்படுத்தினனான்.

பண்ணையில் மூத்த பசு பேபி, வயது பதின்மூன்று. பேர் வைச்சது நான். போன மாதம் வைத்தியர் அவளுக்குப் பின்னாலை கையை விட்டுச் சினை பார்த்து "ஓப்பின்" எண்டார். திறக்கச் சொல்லுறார் ஆக்கும் எண்டு நான் படலையைத் திறந்துவிட்டன். அவள் போய்ச் சினைமாடுகளோடை கலந்திட்டாள். சினையில்லாத மாட்டை இங்கை அப்படித்தான் சொல்லுறவையாம். கஸ்பர் வயிற்றைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சான். சினையில்லாததுக்குப் பனிகாலத்தில் தீன் போடமாட்டினம், இறைச்சிக்கு ஏத்த லொறிதான் வரும்.

இன்னும் ஒரு வருசம் வைச்சுப் பார்ப்பம் எண்டு சொன்னன். நான் சொல்லிக் கஸ்பர் கேளாதது இது ஒண்டுதான். "நீ கூப்பிட்டால்தானே வருவாள், கூப்பிடு" எண்டான். கூப்பிட்டன். ஓடி வந்தாள். லொறிப் பலகையில் ஏறுமட்டும் என்ரை கையை நக்கினாள்.

பிள்ளை, பண்ணை நியாயப்படி உன்ரை மாட்டைக் குடுக்கிறதுதான் சரி. உன்ரை வீட்டில் அடுப்பெரியவேணும், அதுவும் எனக்கு விளங்கும். ஆனால் கயிற்றை நீ அவிழ்த்துக் குடாதை.

இந்தக் கடிதம் உன்னட்டை வந்துசேரத் தை பிறந்திடும். அதுக்கு முதலே குடுத்திட்டாயோ தெரியாது. குடுத்திருந்தால் அதை எனக்கு எழுதவேண்டாம். மாடு நிக்குது, புல்லுத் தின்னுது எண்டு எழுது. நான் நம்புவன்.

பிள்ளையளுக்கு என்ரை ஆசீர்வாதம்.

உன் மாமா
சச்சிதானந்தன்