ஆள்காட்டி விரல்ல போட்ட மோதிரம்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
ஐப்பசி மாசம், செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் பிரேம்நாத்துக்கு அப்பா எழுதிக்கிறது. காமாட்சியம்மன் புண்ணியத்துல இங்க நான், உங்கம்மா, துர்கா மூணு பேரும் சௌக்கியமா இருக்கறோம், மோட்டார் மட்டும் சௌக்கியமில்ல, தண்ணிய மேல ஏத்த மாட்டேங்குது, ஆள் வரேன்னான், வரல. நீ கோவென்ட்ரியில குளிரு ஜுரம் ஒண்ணும் அண்டாம நல்லபடியா இருக்கணும்னு வேண்டிக்கினு இதை எழுதறேன். போன் இருக்கும்போது எதுக்கு லெட்டர்னு நீ நினைப்ப. போன்ல பேசுனா உங்கம்மா ஸ்பீக்கர்ல போட்டுடுவா, வாட்ஸ்அப்புல அனுப்புனா துர்கா என் போனை எடுத்துப் படிச்சுட்டு எனக்கே சேதி சொல்றா, இந்த வீட்ல நீயும் நானும் மட்டும் பேசிக்கணும்னா தபாலாபீசு ஒண்ணுதான் மிச்சம்.

ஆயுத பூஜைக்கு முன்னால வந்த ஞாயித்துக்கிழமை நீ போன் பண்ணி, கார்த்திகையில துர்கா கல்யாணத்துக்கு வர முடியாது, ஆபீஸ்ல பெரிய ப்ராஜெக்ட் முடிக்கிற நேரம்னு சொன்ன பாரு, அன்னியிலேர்ந்து இந்த வீடு வீடா இல்ல. உங்கம்மா அழுவல, அழுதாலும் பரவால்ல, பாத்திரம் தேய்க்கிறா, தேய்ச்ச பாத்திரத்தையே மறுபடி எடுத்துப் போட்டுத் தேய்க்கிறா. துர்கா என்னடான்னா, எங்க அண்ணன் வந்து என் கையில பொரி போடலன்னா நான் மணையில உக்கார மாட்டேன்னு ஒரே பிடிவாதம். உங்க பெரியப்பா மகன் சிவராஜ் இருக்கானே, கவலைப்படாதீங்க சித்தப்பா, கூடப்பொறந்தவன் ஸ்தானத்துல நின்னு நான் பொரி போடறேன்னு வந்தான், அதோட விட்டானா, சட்டை தைக்கவும் குடுத்துட்டான். அவன் தலை தெரிஞ்சாலே துர்கா கதவை சாத்திக்கிறா. எனக்கும் உன் மேல கோவம்தான்பா, மறைப்பானேன், ஒரே தங்கச்சி, அவ கல்யாணத்தை விட என்னடா ப்ராஜெக்ட்டுன்னு மனசுக்குள்ள கருவிக்கினேதான் கடைக்குப் போய் வந்துக்கினு இருந்தேன்.

கடையில நடந்ததை உனக்குச் சொல்லணும், சும்மா ஊர்க்கதைன்னு தாண்டிப் போய்டாத. ஆவணியில முதலாளி பரசுராமன் என் ஸ்டாக் ரூமுக்கு மெஷின் வாங்கிப் போட்டாரு. ஒவ்வொரு புடவைக்கும் கோடு கோடா அச்சடிச்ச ஒரு சீட்டு, மெஷினைக் காட்டி அதை சுட்டா பீப்னு ஒரு சத்தம், எந்தப் புடவை எந்த அலமாரியில இருக்குதுன்னு வயரே இல்லாம முதலாளி கம்ப்யூட்டருக்குப் போய்டும். மொதல்ல அந்த சீட்டைப் புடவை மேலயே ஒட்டச் சொன்னாங்க. ஜரிகையில கோந்து பட்டா எந்தக் கல்யாண வீட்டுக்காரன் தொடுவான்னு நான் ஒரு சத்தம் போட்டேன், இப்ப நூல்ல கட்டித் தொங்க விடறோம். மெஷின் கம்பெனியிலேர்ந்து தேவசகாயம்னு ஒருத்தர் அம்பத்தூர்லேர்ந்து வந்து எங்களுக்குக் கத்துக்குடுத்தாரு. தங்கமான மனுஷன், ஆனா வந்ததும் வராததுமா புது மெஷினைத் தலைக்கு மேல தூக்கி மொசைக் தரையில டமால்னு போட்டாரு. முதலாளி நெஞ்சைப் பிடிச்சுக்கினாரு. இது முரட்டு மெஷின் சார், விழுந்தாலும் ஒண்ணும் ஆவாது, மழை தூசி எல்லாம் தாங்கும்னு சொல்லிக்கினே பக்கெட் தண்ணியில வேற முக்கி எடுத்துக் காட்டுனாரு. பட்டுப் புடவை அடுக்கி வெச்சிருக்கற ரூம்ல எவன்யா பக்கெட் தண்ணிய விடப்போறான்னு கேக்க வாய் வந்துது, கேக்கல. மெஷின் எவ்ளோ உயரத்துலேர்ந்து விழுந்தாலும் தாங்கும்னு அதோட புஸ்தகத்துல படம் போட்டுக் காட்டியிருக்குது, அதைத் தூக்கிக்கினு ஏணி ஏறி இறங்கற என் முட்டியைப் பத்தி ஒண்ணும் போடல.

வயர் இல்லாததுல இன்னொரு வசதி, முதலாளி வீட்ல நாஸ்டா பண்ணிக்கினே நான் என்ன பண்றேன்னு பாத்துக்கலாம். ஒரு நாள் டீக்கடைக்குப் போனேன், கிளாஸ் கைக்கு வரதுக்குள்ள போன் வந்துடுச்சு, இன்னா மயிலு, மெஷின் சும்மா இருக்குதேன்னு. மெஷின் நல்லா இருக்குது சார், நான்தான் சும்மா இருக்கறேன்னு சொன்னேன். அவரு சிரிக்கல.

இப்படி இருக்கறப்ப ஆயுத பூஜை வந்துது. கல்லாப்பொட்டி, கத்திரிக்கோல், அளவு கோல் எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வெச்சு முடிச்சோம், மெஷினுக்கு எங்க வெக்கறதுன்னு எல்லாரும் என்னைப் பாத்தாங்க, ஸ்டாக் ரூம் என்னுது இல்ல? சாமி படத்துக்கு நெத்தியில வெக்கறோம், மெஷினுக்கு நெத்தி எது, முன்பக்கம் மினுமினுன்னு ஒரு கண்ணாடி இருக்குது, அதுதான்னு முடிவு பண்ணி சந்தனத்தைக் கெட்டியா குழைச்சு தாராளமா அப்பி, நடுவுல குங்குமம் வெச்சேன். ஒரு மெஷினையும் விடல. பாக்க லட்சணமா இருந்துதுன்னு முதலாளி வீட்டம்மாவே சொன்னாங்க. மறுநாள் விஜயதசமி, நல்ல நேரம் பாத்து மொத புடவையை சுட்டா பீப் வரல, எந்த மெஷின்லயும் வரல. அந்தக் கண்ணாடி வழியாத்தான் அது கோட்டைப் படிக்குமாம், அது எனக்கு எப்படிப்பா தெரியும்? தண்ணியில முக்குனாலும் சாவாத மெஷின் பூஜை பண்ணதுல போய்டுச்சேன்னு முதலாளி, சாமியைக் கோவிச்சுக்கறதா என்னைக் கோவிச்சுக்கறதான்னு புரியாம தேவசகாயத்துக்கு போன் போட்டாரு. அவரு அம்பத்தூர்லேர்ந்து வந்து கைக்குட்டையை நனைச்சுத் துடைச்சாரு. அவ்ளோதான், பீப்னுச்சு. இதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்னு அவருக்கே பேஜாரா இருந்திருக்கும், வந்ததுக்கு ஒரு புதுச் சரக்கைக் காட்டறேன்னு பையிலேர்ந்து ஒண்ணு எடுத்தாரு. மணிக்கட்டுல வாட்ச் மாதிரி கட்டிக்கிற குட்டி கம்ப்யூட்டர், கூடவே ஆள்காட்டி விரல்ல மாட்டிக்கிற மாதிரி கட்டையா ஒரு கறுப்பு மோதிரம். அந்த மோதிரமே கோட்டைப் படிச்சுடும், ரெண்டு கையும் காலியா இருக்கும், பெட்டியைத் தூக்கலாம், வெளிநாட்ல பெரிய பெரிய கிடங்குல வேலை செய்ற பசங்க இதைத்தான் மாட்டிக்கினு இருக்காங்கன்னு சொல்லி என் விரல்ல மாட்டி விட்டாரு. நான் என் கையைப் பாத்தேன். வேற யாரோட கையையோ பாக்கற மாதிரி இருந்துது.

சித்திரையில நீ ஒரு போட்டோ அனுப்புன இல்ல, பெரிய கட்டடத்துக்கு முன்னால கையில்லாத பளபளா மஞ்சள் சட்டை ஒண்ணை மாட்டிக்கினு, ஆபீஸ்ல டூர் கூட்டிக்கினு போனாங்கன்னு சொன்னியே, அதை உங்கம்மா பெருசா பிரிண்டு போட்டு டிவி பக்கத்துல வெச்சிருக்கா. அதுல உன் ஆள்காட்டி விரல்ல இருக்கற மோதிரம் புஷ்பராகம்னு கண்டுபிடிச்சதும் அவதான். ஆள்காட்டி விரல் குரு பகவானுக்கு, மஞ்சளும் குருவுக்கு, சீமைக்குப் போயும் என் புள்ள கல்யாணம் கூடி வரதுக்குப் பரிகாரம் பண்றான் பாருன்னு தெரு பூரா சொல்லிட்டா. கல்லு கறுப்பா இருக்குதேம்மா, கறுப்பு சனிக்கு ஆச்சேன்னு துர்கா கேட்டதுக்கு, அந்த ஊர் வெளிச்சத்துல அப்படித்தான்டி தெரியும்னு அடக்கிட்டா. நீ அங்க மோதிரம் போட்டுக்கினா நாம இங்க சும்மா இருக்கக் கூடாதுன்னு ஒவ்வொரு வியாழக்கிழமையும் கொண்டைக்கடலை மாலையோட என்னையும் கோயிலுக்கு இழுத்துக்கினு போனா, நானும் கண்ணை மூடிக்கினு சுத்தி வந்தேன். அந்த மோதிரம் இப்ப என் விரல்ல இருந்துது, தேவசகாயம் சுட்டுப் பாருங்க சார்னு சொல்லிக்கினு இருந்தாரு.

மொதல்ல கோவம்தான் வந்துது, கம்ப்யூட்டர் வேலைன்னு பெத்தவங்க கிட்ட எதுக்குடா பொய்யின்னு. அப்புறம் அது நிக்கல, இதைத் தனியா உள்ளுக்குள்ளயே வெச்சுக்கினு ஒவ்வொரு வாரமும் சிரிச்சுக்கினே போன் பேசுனியேன்னுதான் தோணுச்சு. எங்க தெருப் பையன் ஒருத்தன் அங்க இருக்கான்னு மட்டும் சொல்லி, தேவசகாயத்தை ஒவ்வொண்ணா கேட்டேன். நாள் பூரா நடைதான் சார், இவ்ளோ நேரத்துல இவ்ளோ பெட்டி எடுக்கணும்னு மெஷினே சொல்லும், குறைஞ்சா மேல இருக்கறவனுக்கும் அதுவே சொல்லிடும்னாரு. ஒண்ணுக்குப் போனாலுமான்னேன். போனாலும்தான்னாரு. அவருக்குத் தெரிஞ்ச கிடங்குல எல்லாம் கிறிஸ்துமஸ் முடியற வரைக்கும் ஒருத்தனுக்கும் லீவு கிடையாதாம், கேட்டா வேலையே போய்டுமாம், பண்டிகை முடிஞ்சு ஜனவரி வந்துட்டா அவங்களே ஊருக்குப் போய்ட்டு வாங்கன்னு அனுப்புவாங்களாம். அப்பதான் உன் ப்ராஜெக்ட் என்னன்னு எனக்கு விளங்கிச்சு.

கம்ப்யூட்டர் வேலைன்னு நீ சொன்னதைப் பொய்யின்னு சொல்ல எனக்கு வாய் வரல. தேவசகாயத்தைக் கேட்டேன், கையில கட்டிக்கிறது முழுசா ஒரு கம்ப்யூட்டர்தான்னு அடிச்சுச் சொல்றாரு. அப்படிப் பாத்தா ஆவணியிலேர்ந்து நானும் கம்ப்யூட்டர் வேலைதான் பாக்கறேன், இந்தத் தெருவுல ஒருத்தனும் அதுக்காக எழுந்து நிக்கல. நீ படிச்ச படிப்புக்கு வேலை கிடைக்கலன்னா அது உன் தப்பு இல்ல கண்ணு, தேடிக்கினே இரு, கிடைக்கலன்னா கிளம்பி வா, யாரும் இந்த வீட்டுக் கதவை எடுத்துக்கினு போய்டல. ஆனா ஒண்ணு கேக்கறேன். நான் கிடங்குல புடவை தூக்கிச் சம்பாதிச்ச சோத்தைத்தான் நீ சாப்பிட்டு வளந்த, அப்ப வெக்கப்படல, அப்பா ஸ்டாக் ரூம்ல இருக்காருன்னு பள்ளிக்கூடத்துல பெருமையா சொல்லுவ. அதே வேலையை நீ செய்யும்போது மட்டும் என்னடா வெக்கம்? அதான் எனக்கு ஆறல. சரி, அது போவட்டும். ஷூ வாங்கறப்ப சாயங்காலமா போய் வாங்கு, காலு வீங்கியிருக்கற நேரத்துல போட்டுப் பாத்தாத்தான் சரியான அளவு தெரியும். இடுப்பை வளைச்சுத் தூக்காத, முட்டியை மடக்கித் தூக்கு. அந்த மோதிரத்தை ஒரே கையில போட்டுக்காத, தினம் கையை மாத்து, இல்லன்னா தோள்பட்டை போய்டும், எனக்குப் போயிருக்குது. வீட்டுக்கு வந்ததும் சுடுதண்ணியில கல்லுப்பு போட்டுக் காலை வெச்சுக்கோ, சோம்பல் படாத.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். நேத்து மெஷினை சார்ஜ்ல போட்டுட்டு, முதலாளி கிட்ட சொல்லிக்கினு வாலாஜாபாத் பஸ் ஏறி மாப்பிள்ளையோட அப்பா துரைக்கண்ணுவைப் பாக்கப் போனேன். அரிசி மண்டியிலதான் இருந்தாரு, பின்னாலயே வீடு. கல்யாணத்தைத் தை மாசத்துக்குத் தள்ளி வெச்சுக்கலாமான்னு கேட்டேன். ஏன்னாரு. ஜோசியர் வேணாம்னாரு, மண்டபத்துல தகராறுன்னு பஸ்ல வரும்போதே காரணம் எல்லாம் தயார் பண்ணித்தான் வெச்சிருந்தேன், அந்த மனுஷன் மூஞ்சியைப் பாத்ததும் ஒண்ணு கூட வெளிய வரல. என் பையன் அங்க கிடங்குல வேலை செய்றான், என்னை மாதிரி, தை வரைக்கும் அவனுக்கு லீவு கிடைக்காது, அவன் இல்லாம என் பொண்ணு மணையில உக்கார மாட்டேங்கறான்னு சொல்லிட்டேன். சொல்லிட்டு அரிசி மூட்டையைப் பாத்துக்கினு நின்னேன். கம்ப்யூட்டர்னு சொன்னீங்களேன்னாரு. நானும் போன வாரம் வரைக்கும் அப்படித்தான் நினைச்சுக்கினு இருந்தேன்னேன். அவரு கணக்கு நோட்டை மூடி வெச்சாரு, கல்யாணமே நின்னுடுச்சுன்னு நினைச்சேன். அப்புறம் உள்ள பாத்து அவங்க வீட்டம்மாவைக் கூப்பிட்டு, கல்யாணம் தை மாசம் வெச்சுக்கலாம், மச்சானுக்கு அப்பதான் லீவாம், சம்பந்திக்கு ஒரு காப்பி கொண்டான்னு சொன்னாரு. வேற ஒரு கேள்வி இல்ல. நீ யாருக்குத் தெரியக் கூடாதுன்னு பயந்துக்கினு இருந்தியோ, அவருக்குத் தெரிஞ்சு போய்டுச்சு, ஒண்ணும் ஆவல.

உங்கம்மாவுக்கும் துர்காவுக்கும் இன்னும் தெரியாது. சம்பந்தி வீட்ல தள்ளி வெக்கச் சொல்றாங்கன்னு சொல்லி வெச்சிருக்கறேன். நேத்திலேர்ந்து அந்த மனுஷனை உங்கம்மா திட்டற திட்டு காது குடுத்துக் கேக்க முடியல, காப்பி குடுத்த பாவத்துக்கு. நான் சொல்லிடலாம், ஒரு நிமிஷ வேலை, ஆனா அதை நீ சொல்லணும், உன் வாயால அவகிட்ட சொல்லணும். அழுவா, ஏன்டா எங்கிட்ட சொல்லலன்னு கத்துவா, அப்புறம் சாப்பிட்டியான்னு கேப்பா. பயப்படாம சொல்லு. தை மாச லீவுக்கு இப்பவே எழுதிக் குடுத்துடு, மறந்துடாத, தேதி குறிச்சதும் துர்காவை விட்டு வாட்ஸ்அப்புல அனுப்பச் சொல்றேன்.

எந்தக் குறையும் இல்லாம நீ நல்லா இருக்கணும், காமாட்சியம்மன் உனக்குத் துணை இருப்பா. இந்த லெட்டர் உன் கைக்கு வந்து சேந்த ஞாயித்துக்கிழமையே போன் பண்ணு. அது எந்த ஞாயித்துக்கிழமைன்னு இங்க இருந்து எனக்குத் தெரியாது, அதனால எல்லா ஞாயித்துக்கிழமையும் எங்கயும் போவாம உங்கம்மா பக்கத்துலயே உக்காந்துக்கினு இருப்பேன்.

ஆசீர்வாதத்தோட,
உன் அப்பா
மயில்வாகனம்