தள்ள முடியாத தேதி

பிப்ரவரி 2

என் நர்ஸம்மாவுக்கு,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். நாள் பூராவும் ஊசி குத்துகிறவளிடம் எந்த நோய் நெருங்கும்? போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் சண்டையில் முடிகிறது. அதனால் எழுதுகிறேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார்.

உன் தம்பி விமானம் ஏறியது ஞாயிற்றுக்கிழமை. என்னிடம் நீ சொன்னதோ வியாழக்கிழமை என்று. நான் அடித்துப் பிடித்துக்கொண்டு சனிக்கிழமை வந்து, எல்லாம் போச்சு என்று தலையில் கை வைத்து நின்றபோது விழுந்து விழுந்து சிரித்தாயே! அப்போது கோபம்தான் வந்தது. பஸ்ஸில் திரும்பும்போது எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. என் வித்தையை எனக்கே காட்டியிருக்கிறாய். எங்கள் பம்பு பேக்டரிக்கு ஆயில் சீல் இருபதாம் தேதி வேண்டுமென்றால் சப்ளையருக்கு நான் பதினைந்து என்றுதான் எழுதுவேன். அதன் கீழே சிவப்பு மையில், 'இதுதான் கடைசி, தள்ளவே முடியாது.' அவன் மட்டும் லேசுப்பட்டவனா? சரியாக ஐந்து நாள் கழித்து அனுப்புவான். அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், இரண்டு பேரும் காட்டிக்கொள்ள மாட்டோம்.

இங்கே நிலைமை அப்படியேதான். என் அறைக்கு மூன்று பக்கம் கம்பி வலை, நாலாவது பக்கம் மேனேஜர் அறை. கம்ப்யூட்டர் முந்நூறு இருக்கிறது என்று சொல்லும். ராக்கில் போய்ப் பார்த்தால் ஈ காக்கை கிடையாது. நூறு சாமான் வந்து ஒரு வாஷர் வராவிட்டால் லைன் நிற்கும், என் தலை உருளும். மாற்று ஆள் கேட்டேன். "உங்க கையில லைன் ஒரு நாள்கூட நின்னதில்ல சார். நல்லா ஓடுற வண்டிக்கு எதுக்கு டிரைவரை மாத்தணும்?" என்கிறார் மேனேஜர். திட்டினால் எதிர்த்துப் பேசலாம். புகழ்கிறவனை என்ன செய்வது?

இந்த மாதக் கடைசியில் ஸ்டாக் எடுத்து முடித்ததும் வேலையை விட்டுவிட்டு அங்கேயே வந்துவிடுகிறேன். இது சத்தியம்.

உன்
ஸ்டோர்க்காரன்


பிப்ரவரி 27

அன்புள்ள ஸ்டோர்க்காரருக்கு,

மாதக் கடைசி வந்துவிட்டது, நீங்கள்தான் வரவில்லை. அதை விடுங்கள், இன்றைக்கு எனக்குச் சண்டை போட மனசில்லை.

தத்து அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது! நாலு வருஷமாக வாசலைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போனதற்கு இப்போதுதான் விடிந்தது. பெண் குழந்தை, இரண்டரை வயசு. நேற்றுப் போய்ப் பார்த்தேன். அங்கே அவளை வாயாடி என்றுதான் கூப்பிடுகிறார்கள். என் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு, "நான் ஆபீஸ் போறேன், நீ அழக் கூடாது, சரியா?" என்று எனக்கு உத்தரவு போட்டாள். நான் அங்கேயே அழுதுவிட்டேன். "அப்பா எங்க?" என்று கேட்டாள். வேலைக்குப் போயிருக்கார், வருவார் என்றேன்.

மார்ச் 14, திங்கட்கிழமை, காலை பத்து மணி. நாம் இரண்டு பேரும் அதிகாரி முன்னால் நேரில் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் மட்டும் வந்தால் செல்லாது. இதுதான் கடைசி, தள்ளவே முடியாதாம். ஞாயிற்றுக்கிழமையே வந்துவிடுங்கள். முடி வெட்டிக்கொண்டு வாருங்கள், குழந்தை பயந்துவிடப் போகிறது.

பின்னறையில் இருந்த உங்கள் மேஜையைத் தூக்கி வெளியே போட்டுவிட்டேன். சின்னக் கட்டில் ஒன்று வாங்கியாகிவிட்டது. வீடு இப்போதே சத்தமாக இருக்கிற மாதிரி தோன்றுகிறது.

உங்கள்
நர்ஸம்மா


மார்ச் 11

என் நர்ஸம்மாவுக்கு,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே. மடிப்பு கிழிந்துவிட்டது. லைனில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரிடமும் சொல்லியாயிற்று. "சார், இனிமே வீட்லதான் உங்களுக்கு நைட் ஷிப்ட்டு" என்றார் போர்மேன்.

அடி கள்ளி! பதினாலாம் தேதி என்று எழுதி, 'இதுதான் கடைசி, தள்ளவே முடியாது' என்று வேறு போட்டிருக்கிறாயே! கொல்லன் தெருவிலேயே ஊசி விற்கிறாயா? தம்பிக்கே மூன்று நாள் முன்கூட்டிச் சொன்னவள், பெண் விஷயத்தில் அதைவிடக் குறைத்தா சொல்லியிருப்பாய்? நிஜத் தேதி எப்படியும் வெள்ளிக்கிழமைதான். நான் புதன்கிழமை ராத்திரியே வந்து நின்று உன் வாயை அடைக்கிறேன்.

நடுவில் ஒரு தொல்லை. கம்ப்யூட்டரில் அறுநூறு ஆயில் சீல் இருக்கிறது. பெட்டியைப் பிரித்தால் அத்தனையும் வேறு சைஸ். மேனேஜர் குதிக்கிறார். "நீங்களே சப்ளையர் ஊருக்குப் போய் உக்காந்து வாங்கிட்டு வந்துடுங்க. அப்புறம் எத்தனை நாள் லீவு வேணும்னாலும் எடுத்துக்குங்க" என்றார். அவர் வாயிலிருந்து லீவு என்ற வார்த்தை வந்ததே பெரிய விஷயம். நாளைக்குக் கிளம்புகிறேன். செவ்வாய்க்கிழமை இங்கே திரும்பிவிடுவேன், புதன்கிழமை உன்னிடம்.

வாயாடியிடம் சொல்லு, அவளுடைய அப்பா முடி வெட்டிக்கொண்டுதான் வருவார்.

உன்
ஸ்டோர்க்காரன்


மார்ச் 15

ஸ்டோர்க்காரருக்கு,

உங்கள் கடிதம் இன்று காலையில்தான் வந்தது. படித்தேன். நீங்கள் ஏன் வரவில்லை என்று இப்போது புரிகிறது. புரிந்து என்ன பிரயோஜனம்?

நேற்று ஒன்பது மணிக்கே போய் உட்கார்ந்துவிட்டேன். ஞாயிறு ராத்திரி பஸ் தாமதம், நேராக அங்கே வருவீர்கள் என்றே நினைத்தேன். பத்தரைக்குப் பேக்டரிக்குப் போன் போட்டால், "சார் ஆயில் சீல் வாங்க வெளியூர் போயிருக்காரும்மா" என்றார் ஆபரேட்டர். என் காதையே என்னால் நம்ப முடியவில்லை.

அதிகாரி நல்ல மனுஷிதான். மதியம் வரை பொறுத்துப் பார்த்தார். பக்கத்து பெஞ்சில் ஒரு தம்பதி இருந்தார்கள். வேறு குழந்தைக்கு வந்தவர்கள் என்று நினைத்து அந்தப் பெண்ணிடம் தண்ணீர்கூட வாங்கிக் குடித்தேன். கடைசியில் அவர்களைத்தான் உள்ளே கூப்பிட்டார். என்னிடம், "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. ஒருத்தர் வரலேன்னா குழந்தை காத்துக் கிடக்கக் கூடாது. அதுக்குத்தான் எப்பவும் இன்னொரு ஜோடியை ரெடியா வெச்சிருப்போம்" என்றார். உங்கள் தொழிலை அவர்கள் உங்களைவிட நன்றாகச் செய்கிறார்கள்.

அந்த மனுஷர் வாயாடியைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். அவள் எனக்கு டாட்டா காட்டினாள். நானும் காட்டினேன். வேறு என்ன செய்வது?

ஒரே ஒரு தடவை விளையாட்டுக்குப் பொய் சொன்னேன். மற்றபடி கல்யாணமான நாளிலிருந்து உங்களிடம் நான் மாற்றிச் சொன்னது உண்டா? நான் என்ன உங்கள் சப்ளையரா?

ஆபரேட்டரிடம் ஒரு செய்தி சொல்லி வைத்தேன். கிடைத்திருக்கும்.

இப்படிக்கு,
நர்ஸம்மா


ஏப்ரல் 4

என் நர்ஸம்மாவுக்கு,

எந்த முகத்தை வைத்துக்கொண்டு எழுதுவது என்று தெரியாமல்தான் இத்தனை நாள் எழுதவில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பெட்டிகளோடு வந்து இறங்கினேன். "குழந்தை போயாச்சாம் சார். இனிமே நீங்க வர வேண்டாம்னு அம்மா சொல்லச் சொன்னாங்க" என்றார் ஆபரேட்டர். ராக்குகளுக்கு நடுவே போய் உட்கார்ந்து அழுதேன். பாவி நான். நீ திட்டு, வாயில் வந்தபடி திட்டு. பேசாமல் மட்டும் இருக்காதே.

மறுநாளே ராஜினாமா எழுதி மேனேஜர் மேஜையில் வைத்தேன். "தாராளமா போங்க சார், யாரு தடுத்தா? மூணு மாச நோட்டீஸ். ஒரு ஆளு வருவாரு, சொல்லிக் குடுத்துட்டுக் கிளம்புங்க" என்றார். ஆள் வந்தார். ஒரு வாரம் அந்த வலைக்குள் என்னோடு உட்கார்ந்தார். எட்டாம் நாள் டீ குடிக்கப் போனவர் திரும்பவேயில்லை. புத்திசாலி. எனக்கு மட்டும் அந்தப் புத்தி ஏன் வரவில்லை என்று தெரியவில்லை.

இப்போது வருஷ ஸ்டாக் எடுத்துக்கொண்டிருக்கிறோம். பாதியில் போட்டுவிட்டு வந்தால் குறைகிற சாமான் எல்லாம் என் தலையில்தான் விடியும். இது முடிந்த அடுத்த நிமிஷம் கிளம்பிவிடுகிறேன். மறுபடியும் மனுப் போடுவோம். வா என்று ஒரு வார்த்தை எழுது.

உன்
ஸ்டோர்க்காரன்


ஏப்ரல் 19

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் மேல் கோபம் தீர்ந்துவிட்டது. தீர்ந்ததுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அலுவலகத்துக்குப் போய் விசாரித்தேன். தனியாக இருக்கிற பெண்ணுக்கும் குழந்தை கொடுப்பார்களாம். ஆனால் கல்யாணமானவள் என்றால், பிரிந்துவிட்டாள் என்பதற்குக் காகிதம் வேண்டுமாம். நான் நிறைய யோசித்தேன். எனக்கு இனிமேல் காத்திருக்கத் தெம்பில்லை. வக்கீல் எழுதிக் கொடுத்த தாளை இதனோடு வைத்திருக்கிறேன். இதற்கு நீங்கள் நேரில் வர வேண்டியதில்லை. கையெழுத்துப் போட்டுத் தபாலில் அனுப்பினால் போதும்.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். வர வேண்டாம் என்று ஆபரேட்டரிடம் சொன்னேனே, நீங்கள் வருவதாக எழுதியிருந்த அந்தப் புதன்கிழமை ராத்திரி கதவைத் தாழ்ப்பாள் போடாமல் சும்மா சாத்திவிட்டு முன்னறையிலேயே படுத்திருந்தேன். விடிகிற வரைக்கும் பஸ் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் சொன்னதை நீங்கள் அப்படியே நம்பியது அந்த ஒரு தடவைதான்.

நர்ஸம்மா