வால் ஆட்டிய இடம்

நியாலாஸ் தோட்டம், மலாக்கா

அன்புள்ள மங்களத்துக்கு,

நான் நல்லபடியாக இருக்கிறேன். நீ, பிள்ளைகள் எல்லாம் சுகம்தானே? அத்தைக்கு மூட்டுவலி தேவலையா?

நாங்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளைச் சுற்றிக் கம்பிவேலி போட்டுவிட்டார்கள், பயமில்லை. எனக்கு இப்போதும் துரையின் நாயைப் பார்க்கிற வேலைதான். முதுகு கருப்பு, வயிறும் காலும் செவலை, காது இரண்டும் விறைத்து நிற்கும். அல்சேஷனாம். இறைச்சி அதற்கு, ரேஷன் அரிசி எனக்கு. காட்டோரம் ரோந்து போகும்போது பட்டாளத்துக்காரர்கள் அதன் பிடரியையே பார்ப்பார்கள். மயிர் சிலிர்த்தால் உள்ளே கம்யூனிஸ்டுக்காரன் பதுங்கியிருக்கிறான் என்று சுட்டுவிடுவார்கள்.

நேற்று ஒரு வேடிக்கை. போன வருஷம் உன் தம்பி நாகமுத்துவின் ரத்தச் சட்டை மட்டும் கிடைத்ததே, அதே இடத்தில் நாய் நின்றது. பிடரி சிலிர்க்கவில்லை. காதை மடக்கி, இடுப்போடு வாலை ஆட்டி முனகியது. கருவாடு ஊட்டிய அவனைக் கண்டால் மட்டும்தான் அது அப்படிச் செய்யும். எனக்குக்கூடச் செய்ததில்லை. புதரில் ஓர் இலை அசையவில்லை.

“என்ன அங்கே?” என்றார் சார்ஜன்.

“அணில் லா, துவான்” என்று சங்கிலியை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அதிலிருந்து சோறு இறங்கவில்லை. கொஞ்சம் நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்பு.

தபாலில் போடப் பயம். ஊருக்குக் கப்பலேறும் அந்தோணிராஜ் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். அவர் லோரி வந்துவிட்டது. படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. அத்தையிடம் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொள், இந்த ஆடிக்குத் தம்பிக்குப் படையல் போட வேண்டாம்.

உன் காத்தமுத்து