குழாயில் நனைத்த ஜெர்சி

அன்பு மூத்தவளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், என் முழங்காலைக் கேட்டால் மட்டும் வேறு கதை சொல்லும். நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நலமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். போனில் பேசினால் பக்கத்து அறையில் உன் தங்கச்சியின் காது நீளும், அதனால்தான் எழுதுகிறேன்.

இந்த வருடம் நம் காலேஜ் பாஸ்கெட்பால் டீமில் யார் யார், தேறுமா என்று கேட்டிருந்தாய். கேப்டனாக இருந்துவிட்டுப் போன உனக்கு அந்த அரிப்பு இன்னும் போகவில்லை. எனக்கு ஆட்டம் என்ன தெரியும், டீம் முழுவதற்கும் ஜெர்சி துவைக்கிறவள், அழுக்கை வைத்துத்தான் சொல்ல முடியும். பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுகிற சுண்டெலி இந்த வருடமும் இருக்கிறாள், விழுந்து புரண்டு ஆடுவதால் அவள் ஜெர்சிக்கு மட்டும் இரண்டு தேய்ப்பு. தபால்காரர் மகள் தூரத்திலிருந்து போட்டால் விழும் என்கிறார்கள், ஆனால் ஓட மாட்டாள் போல, ஜெர்சியில் பவுடர் வாசனைதான் வருகிறது. புதிதாக மூன்று பேர், மூன்றும் பென்சில் மாதிரி, கோச்சம்மா விசில் ஊதினாலே பறந்துவிடும். கூடைக்குக் கீழே நின்று மறிக்க உயரமான ஆள் ஒருத்திதான், அது உன் தங்கச்சி. அங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது.

ஒரு வாரமாக அவள் ஜெர்சி சொட்டச் சொட்ட வந்தது. என் பெண் உயிரைக் கொடுத்து ஆடுகிறாள் என்று பெருமையாக எடுத்து மோந்தால் ஒரு வாடையும் இல்லை. பயிற்சிக்கே போகாமல் குழாயில் நனைத்துப் பையில் போட்டிருக்கிறாள். யாரிடம் வந்து இந்த வேலை காட்டுகிறாள் பார். காதைத் திருகிக் கேட்டதற்கு, அக்கா மாதிரி வராதுன்னுதாம்மா எல்லாரும் சொல்றாங்க, அக்காவும் அதையேதான் சொல்றா என்று அழுகிறாள். போன சீசன் கடைசி ஆட்டத்தில் அவள் தவறவிட்ட இரண்டு ப்ரீ த்ரோவின் வீடியோவை நீ இன்னும் அனுப்பி, முழங்கையைப் பார், காலைப் பார் என்கிறாயாமே. பாடம் நடத்த அங்கே வேறு ஆள் கிடைக்கவில்லையா உனக்கு. கோச்சம்மா மாதக் கடைசி வரைதான் பார்ப்பாராம், அப்புறம் அந்த இடத்தில் ஒரு பென்சிலை நிறுத்திவிடுவாராம். நான் கெஞ்சியாச்சு, திட்டியாச்சு, அப்பா ஐஸ்கிரீம் வரைக்கும் இறங்கிப் பார்த்துவிட்டார், ஒட்டகச்சிவிங்கி அசையவில்லை.

அதனால் நீ பேசு. முழங்கையை விட்டுவிடு. முதல் வருடம் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, அழுது மூக்கைத் துடைத்த ஜெர்சியைச் சுருட்டி அழுக்குப் பையின் அடியில் ஒளித்து வைப்பாயே, அதைச் சொல். இந்த வீட்டில் வேர்வையில்லாமல் வந்த முதல் ஜெர்சி தன்னுடையது என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான் சொன்னால் கதை விடுகிறேன் என்பாள்.

குறையில்லாமல் நன்றாக இரு, எல்லாம் உனக்குக் கூடி வரட்டும். மறக்காமல் இந்த மாதத்துக்குள் பேசிவிடு, நாற்றமடிக்கிற ஜெர்சி ஒன்றுக்காகச் சோப்பைக் கரைத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
இருவர் அழுக்கையும் இதுவரை வெளியே சொல்லாத
உன் அம்மா