கோணிக்கொண்ட வாய்

மார்ச் 3
ரெண்டு கன்னமும் பன் மாதிரி உப்பிக் கிடக்கு. "இந்த வயசுல பொன்னுக்கு வீங்கியாடி?" என்று வீட்டுக்காரர் சிரிக்கிறார். எனக்கு இளமை திரும்புது, அவருக்கு வயித்தெரிச்சல்.

மார்ச் 6
கண் சிவந்துபோச்சு. கண் டாக்டர் சொட்டு மருந்து கொடுத்தார். கன்னத்தைக் காட்டினேன். "அது என் டிபார்ட்மென்ட் இல்லம்மா." கன்னத்துக்காகப் பல் டாக்டரிடம் போனேன். அவர் கண்ணைப் பார்க்கவே இல்லை, ஒரு பல்லைப் பிடுங்கிவிட்டார். நல்ல பல்லு! சாயங்காலம் காய்ச்சல். அதுக்கு ஆளே கிடைக்கலை.

மார்ச் 10
எழுந்தால் வாய் இடப்பக்கம் இழுத்துக்கிச்சு. வலப்பக்கம் அசையவே இல்லை, அந்தப் பக்கத்துக் கண்ணும் மூட மாட்டேங்குது. எங்கள் சலவைக்கூடத்து சூப்பர்வைசர் கத்தும்போது அவர் வாயும் அப்படித்தான் போகும். தினமும் அவர் முதுகுக்குப் பின்னால் செய்துகாட்டுவேன். இன்று நேருக்கு நேர் — நிறுத்தத்தான் முடியலை. இஸ்திரி போடுறவங்க எல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாங்க. "சத்தியமா நடிப்பில்ல சார்!" கோண வாயால் சத்தியம் பண்ணினால் யார் நம்புவா?
"வெள்ளிக்கிழமைக்குள்ள மூஞ்சிய நேராக்கிட்டு வா. இல்லன்னா வேலை கிடையாது."

மார்ச் 14
வெள்ளிக்கிழமை. நேராகலை.

மார்ச் 15
என்னை வேலையை விட்டு நிறுத்த சூப்பர்வைசரே வீட்டுக்கு வந்தாராம். நான் காய்ச்சலில் நாற்காலியிலேயே தூங்கிவிட்டேன். வலது கண்தான் மூடாதே! அது பாட்டுக்கு அவரை முறைத்திருக்கிறது. "பேசிட்டே இருக்கேன், வாயைக் கோணிக்கிட்டு முறைக்கிறியா?" என்று அவர் கத்த, வீட்டுக்காரர் ஓடிவந்து, "சார், அவ தூங்குறா." அப்புறம்தான் மனுஷனுக்குக் குறட்டை கேட்டிருக்கு. தூக்கத்தில் யார் நடிப்பா? வெலவெலத்துப்போய் அவரே வண்டி பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டார்.

மார்ச் 17
இந்த டாக்டரம்மா மட்டும் கன்னம், கண், வாய், காய்ச்சல் எல்லாத்தையும் சேர்த்துக் கேட்டார். எல்லாம் ஒரே நோயா இருக்கலாமாம். நெஞ்சுக்கு எக்ஸ்ரே, உதட்டுக்குள்ளிருந்து துளி சதை எடுத்துச் சோதனை.
"பல்லைக் காட்டுங்க."
"அதைக் காட்டித்தான் டாக்டர் வேலையே போகப் பார்த்துச்சு."

மார்ச் 25
டிபி இல்லை. கேன்சரும் இல்லை. (பயந்துதான் கிடந்தேன். யாரிடமும் சொல்லலை.) சார்காய்டோசிஸாம். உடம்புக்குக் காவல் நிற்கிற அணுக்கள், திருடனே வராமல் கும்பல் கூடிக்குமாம். பெரும்பாலும் நுரையீரலில். எனக்கு மூஞ்சியில் மாநாடு! இப்படி வருவது அபூர்வமாம். மாத்திரை ஆரம்பம்.

ஏப்ரல் 28
வேலைக்குப் போனேன். சூப்பர்வைசர் வாசலிலேயே மறித்தார். "சிரி பார்க்கலாம்."
சிரித்தேன். இஸ்திரி போட்ட விரிப்பில் சுருக்கம் தேடுற மாதிரி முகத்தை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் பார்த்தார்.
"வலது பக்கம் இன்னும் கொஞ்சம் சுருக்கம் விழணும். பரவால்ல, மெஷினுக்குப் போ."