பதினைந்து விநாடிக் கணக்கு

நாமக்கல்,
1.10.2024

செந்தமிழனுக்கு,

மின்னல் வரும்போது பாய்மரக் கம்பம் அதைக் கூப்பிடுமா, இல்லை அதிலிருந்து காப்பாற்றுமா என்று கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரியவில்லை. இருபத்து மூன்று வருடமாகக் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். இடிதாங்கி பற்றி அநேகமாக எல்லா வருடமும் தேர்வில் ஒரு கேள்வி வைக்கிறேன். கடலுக்கு நடுவே பதினைந்து மீட்டர் அலுமினியக் கம்பத்தை நட்டுக்கொண்டு நிற்பவனுக்கு என்ன சொல்வது என்று எந்தப் பாடத்திலும் இல்லை.

இரண்டரை வருடம் கழித்து நீ எழுதியதே எனக்கு ஆச்சரியம். போனை எடுக்காதவள் கடிதத்தைப் பிரிப்பாள் என்று உனக்கு யார் சொன்னது? உன் சிநேகிதன் நந்தகுமாராகத்தான் இருக்கும். கோழிப் பண்ணையை விற்றுவிட்டுக் கொச்சியில் படகு வாங்கியவன் எதையும் யோசிப்பான். போர்வெல் போடும் ரிக் வண்டியைத் தவிர எதையும் ஓட்டிப் பழகாத உன்னையும் அதில் ஏற்றிக்கொண்டானே, அதைச் சொல்.

தேடிப் படித்ததில் நான் நம்பியதை மட்டும் எழுதுகிறேன். கம்பத்தின் அடியிலிருந்து கடல் நீர்வரை தடித்த செம்புக் கம்பி நேராக இறங்கியிருந்தால் மின்னல் அந்த வழியாகப் போக வாய்ப்பு அதிகம். உறுதி இல்லை. இடி மின்னல் நேரத்தில் எல்லாரும் உள்ளே போய்விட வேண்டும். இரண்டு உலோகங்களை ஒரே சமயம் தொடக் கூடாது. காற்று ஏறும் முன்பே பாயைச் சுருக்கிவிட வேண்டும். மேலே நிற்க நேர்ந்தால் உயிர்காப்பு உடுப்போடு இடுப்பு வாரையும் படகில் மாட்டிக்கொள். கையில் பிடிக்கும் ரேடியோவையும் ஒரு போனையும் படகிலுள்ள ஓவன் அடுப்பின் இரும்புப் பெட்டிக்குள் வைத்துவிட்டால் அவையாவது கருகாமல் தப்பும் என்கிறார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், வானிலை எச்சரிக்கை இருந்தால் புறப்படாமல் இருக்கலாம். அதை யாரும் பெரிய அறிவுரையாக எடுத்துக்கொள்வதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மதுமதி


கொச்சி,
6.10.2024

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி எழுதுவது.

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததே போதும். நந்துவிடம் காட்டினேன். "பாத்தியா, திட்டறதுக்காவது எழுதிப்போட்டாங்கல்ல" என்றான். நீங்கள் சொன்ன செம்புக் கம்பியை நேற்றே இறக்கிவிட்டோம்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு வரவில்லை. மேலே இருந்து உள்ளே போவது. போன மாதம் கரைக்குப் பக்கத்திலேயே ஒரு மழைக் காற்று பிடித்தது. நான் மேலே சுக்கான் சக்கரத்தில் நிற்கிறேன், நந்து உள்ளே இறங்கி நின்று கத்துகிறான்.

"டேய், சக்கரத்த விட்டுட்டு வாடா! ஆட்டோபைலட் எதுக்கு வாங்கி மாட்டியிருக்குது, பூச போடவா?"

"இருடா, வாரேன்."

"இருடாவா? உங்கப்பன் ஊட்டுச் சக்கரமாடா அது, புடிச்சுக்கிட்டே நிக்கற?"

எனக்கும் கேட்கிறது. கை வரவில்லை அக்கா. ரிக்கில் பழகின கை. குழிக்குள் துளை போடும் ராடு இருக்கும்போது லீவரை விட்டு நகரக் கூடாது. விட்டால் மண் சரிந்து ராடு உள்ளேயே மாட்டிக்கொள்ளும். பதினெட்டு வருடம் அதே வேலை. ஒரே ஒரு தடவைதான் விட்டேன். அது உங்களுக்குத் தெரியும்.

பயப்பட வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு நிற்கவில்லை. மின்னல் வெட்டியதும் எண்ணுகிறேன். பதினைந்து விநாடி கழித்து இடி கேட்டால் ஐந்து கிலோமீட்டர் தள்ளி. அதுவரை சக்கரத்தில் நிற்பேன். அதற்குக் குறைந்தால் உள்ளே போவேன். மாமா சொன்ன கணக்கு.

இருபதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை கோவாவுக்குக் கிளம்புகிறோம். அங்கே படகைக் கரையேற்றி அடிப்பாகத்தைப் பார்க்க நாள் வாங்கியாகிவிட்டது. கரையை ஒட்டியே போவோம். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுங்கள்.

தங்கள் தம்பி
செந்தமிழன்


நாமக்கல்,
11.10.2024

செந்தமிழனுக்கு,

இன்று ஆயுத பூஜை, கல்லூரி இல்லை. கீழ் வீட்டு முத்தாயம்மாள் கொடுத்த பொரி அப்படியே இருக்கிறது. உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன்.

அந்தக் கணக்கை விட்டுவிடு. பதினைந்து, இருபது என்று எதையும் எண்ணாதே. இடிச் சத்தம் காதில் விழுந்தாலே உள்ளே போ. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை மேலே வராதே.

என் வீட்டுக்காரர் உனக்கு அதை எப்போது சொன்னார்? அதை மட்டும் எழுது.

மதுமதி


கொச்சி,
15.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

காரணம் சொல்லாமல் விடு என்கிறீர்கள். சின்ன வயதிலிருந்து நீங்கள் காரணம் சொல்லாமல் எதையும் சொன்னதில்லை. கணக்கு தப்பு என்றால் மாமா தப்பாகச் சொன்னாரா? அவர் என்னிடம் கடைசியாகப் பேசியதே அதுதான்.

நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன். நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் அந்த மரவள்ளிக் காட்டில் எண்ணூறு அடி ஆழம் போயிருந்தோம். கிழக்கே மின்னியது. மழை இல்லை. நான் டிரில்லர், லீவரில் நான்தான் நிற்க வேண்டும். எனக்குப் பயம் வந்துவிட்டது, இறங்கிவிட்டேன். மாமா போனில் பேசிக்கொண்டே வந்தார். "பதினஞ்சு செகண்டுடா. அஞ்சு கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்குது. ராட மட்டும் தூக்கிரலாம்" என்றார். "வேண்டாமுங்க மாமா" என்றேன். "நீ போயி லாரில உக்காரு சாமி, நான் பாத்துக்கறேன்" என்று என் இடத்தில் ஏறினார். நான்கு ராடு மேலே வந்தது. அடுத்த மின்னல் ரிக்கின் மேல் விழுந்தது ஊருக்கே தெரியும்.

"டிரில்லர் நீ. லீவர விட்டுட்டு எங்கடா போன?" என்று சாவு வீட்டில் எல்லார் முன்னாலும் கேட்டீர்கள். சரியான கேள்விதான். இரண்டரை வருடமாக அதைத்தான் நானும் கேட்டுக்கொள்கிறேன். அதனால்தான் இப்போது எதையும் விட்டுவிட்டுப் போக முடியவில்லை. நந்துவுக்கு இது புரியாது. உங்களுக்குப் புரியும்.

தங்கள் தம்பி
செந்தமிழன்


நாமக்கல்,
19.10.2024

தம்பி,

உன் கடிதம் இன்று மத்தியானம்தான் வந்தது. நாளை நீ கிளம்புகிறாய். இது உன் கைக்கு வராது என்று தெரிந்தும் எழுதுகிறேன், எழுதினால்தான் என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியும்.

அன்று போனில் இருந்தது நான்.

விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். "மின்னுது மது, மெசின்ல நிக்கலாமா?" என்றார். "எண்ணிப் பாருங்க" என்றேன். போனை வைக்காமலே எண்ணினார். பதினைந்து. "அப்பிடின்னா அஞ்சு கிலோமீட்டர் தள்ளி இருக்குது. இதுக்கு ஏன் பதறறீங்க?" என்றேன். எனக்கு மார்க் கூட்ட வேண்டியிருந்தது. பதினைந்தை மூன்றால் வகுத்தது சரி. பாடத்திலும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அது விழுந்து முடிந்த மின்னலின் தூரம். அடுத்தது எங்கே விழும் என்று அதில் எதுவும் இல்லை. மழையே இல்லாத இடத்தில், மேகத்திலிருந்து பத்துக் கிலோமீட்டர் தள்ளிக்கூட விழும். இதுவும் எனக்குத் தெரிந்ததுதான். அந்த நேரத்தில் நான் யோசிக்கவில்லை.

எனவே நீ இறங்கியதுதான் சரி. அந்த இடத்தில் சரியாக நடந்துகொண்டது நீ ஒருவன்தான். அவரை ஏற்றிவிட்டது என் கணக்கு. அது எனக்கு அன்று மாலையே தெரியும். தெரிந்துகொண்டுதான் உன்னை அப்படிக் கேட்டேன். யாராவது என்னைக் கேட்பதற்கு முன்னால் கேட்டுவிட்டேன்.

மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. நீ சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது நான் போட்ட பழியால். நான் சொன்ன கணக்கை நம்பி நிற்கிறாய். இரண்டும் பொய். கையை எடு. உள்ளே போ. படகு போனால் போகட்டும்.

20.10.2024

நேற்று எழுதியதைக் கிழிக்கவில்லை. இன்று நடந்ததையும் இதிலேயே எழுதி, நாளை உன் கொச்சி முகவரிக்கு அனுப்புகிறேன்.

காலை ஏழேகாலுக்கு உன்னை போனில் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாய். மேலே இருப்பதைக் காகிதத்தைப் பார்த்து அப்படியே வாசித்தேன். பின்னால் நந்தகுமார் கயிற்றைப் பற்றி யாரையோ திட்டுவது கேட்டது. வாசித்து முடித்ததும் சொன்னாய்.

"தெரியுமுங்க அக்கா. மாமா ஸ்பீக்கர்ல போட்டிருந்தார்."

"தெரிஞ்சுமாடா ஒண்ணும் சொல்லாம இருந்த?"

"சொல்லி?"

கையிலிருந்த காகிதத்தை மடித்தேன்.

"சாவு ஊட்டுல நீங்க கேட்டப்ப, நீங்களே சொல்லீருவீங்கன்னு பாத்துக்கிட்டே நின்னனுங்க. அப்பறம் கருமாதிக்குச் சொல்லுவீங்கன்னு பாத்தேன். அப்பறம் போன் போட்டுப் பாத்தேன். இப்ப சொன்னீங்க. சரிங்க. ரெண்டரை வருசம் ஆயிருச்சுங்க அக்கா."

வைத்துவிட்டாய். மறுபடி இரண்டு முறை கூப்பிட்டேன். நீ எடுக்கவில்லை.

படகு ஒன்பது மணிக்குக் கிளம்பியது என்று நந்தகுமார் செய்தி அனுப்பினான். கிளம்பும்போது எச்சரிக்கை எதுவும் இல்லை. மூன்றரை மணிக்கு வந்தது: கரையோரம் முழுக்க இடி மின்னல், பலத்த காற்று. நான் அவனைக் கூப்பிட்டேன், கிடைக்கவில்லை. ஆறு மணிவரை எதுவும் இல்லை. ஆறே முக்காலுக்கு அவனிடமிருந்து ஒரு செய்தி வந்தது.

"அக்கா, கம்பத்துமேல விழுந்துருச்சுங்க. மேல இருந்த கருவியெல்லாம் கருகிப்போச்சு. ஆளுங்க பத்திரம். மொத இடி கேட்டதுமே இவன் சக்கரத்த விட்டுட்டு எனக்கு முன்னால உள்ள வந்துட்டானுங்க. எஞ்சின் ஓடுது, கரைக்குத் திரும்பறோம்."

உன்னிடமிருந்து எதுவும் வரவில்லை.

அக்கா