செவ்வாயின் ஒளி ஏன் குறையவில்லை

நவம்பர் 4, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. கல்லூரிக்கு விடுமுறை விடுவார்களா என்று எட்டு மணி வரை போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். விடவில்லை.

மெயில் வந்துவிட்டது. விண்கலத்தின் புற ஊதா நிறமாலைமானி எடுத்த தரவு முழுவதும், ஆவணங்களோடு. ஆறு பேர் தனித்தனியாகச் சரிபார்க்கிறோம். இருபதாம் தேதி கடைசி. அதற்குப் பிறகு நிரந்தரக் காப்பகத்துக்குப் போய்விடும். உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்து ஆய்வு செய்யலாம். சரிபார்ப்பு முடியும்வரை கலத்தின் பெயரை வெளியில் சொல்லக் கூடாதாம். சரி, இங்கேயும் எழுதவில்லை.

வேலை இவ்வளவுதான்: இந்தக் கருவியைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒருத்தி, ஐம்பது வருஷம் கழித்து, இந்தக் கோப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு ஆய்வு செய்ய முடியுமா? எங்கே தடுக்கி விழுவாள்? விழும் இடத்தையெல்லாம் குறித்துக் கொடுக்க வேண்டும். தப்பு கண்டுபிடிக்க ஆள் வேண்டும் என்றால் என்னைத்தானே கூப்பிட வேண்டும்! வீட்டுக்காரர் அன்வர் கேட்டால் சிரிப்பார்.

உண்மையில் கூப்பிட்டதற்குக் காரணம் எங்கள் கட்டுரை. ஏழு வருஷத்துக்கு முன்னால் நானும் ஜெயந்தியும் இதே தரவை வைத்து எழுதியது. எம்.எஸ்ஸி.யில் அவள் எனக்குப் பக்கத்து பெஞ்ச். காவேரிப்பாக்கத்துக்காரி, இப்போது சென்னையில் ஒரு கல்லூரியில். இனி இங்கே அவள் ஜெ.

வாங்க வேண்டியது: கொத்தமல்லி, பிரிண்டர் மை, சின்னவளுக்கு கிராஃப் நோட்டு.

நவம்பர் 5, புதன்

கல்லூரிக்குக் கிளம்புமுன் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தேன். தடுக்கிய இடங்கள்:

– ப. 12: அலைநீளம் நானோமீட்டரில் என்கிறது. கோப்பில் இருப்பது ஆங்ஸ்ட்ராம். பத்து மடங்கு வித்தியாசம்.
– ப. 20: "பின்னிணைப்பு மூன்றைப் பார்க்கவும்." இரண்டோடு முடிந்துவிட்டது. எதைப் பார்ப்பது?
– நேரம். பதிவு தொடங்கிய நேரமா, நடு நேரமா? ஆவணம் மூச்சே விடவில்லை.
– பதினான்காவது நெடுவரிசை. தலைப்பு 'உபரி'. காலியாக இருக்க வேண்டியது. வரிசையாக எண்கள் இருக்கின்றன. யார் போட்டது?

கடைசி விஷயம் நாள் முழுக்கத் தலையில் ஓடியது. இரண்டாமாண்டு வகுப்பில் லென்ஸ் நடத்தும்போதுகூட.

நவம்பர் 6, வியாழன்

'உபரி'யை வரைந்து பார்த்தேன். ஏறுகிறது, இறங்குகிறது, ஒழுங்காக. கலம் சூரியன் பக்கம் வரும்போது ஏற்றம், நிழலுக்குள் போனால் இறக்கம். கருவிப் பெட்டியின் வெப்பநிலை! யாரோ ஒரு புண்ணியவான் காலி இடத்தில் போட்டு வைத்துவிட்டு, எழுத மறந்திருக்கிறார். தனியாக உட்கார்ந்து கை தட்டினேன். சின்னவள் அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

மாலை பஸ்ஸில் பின் சீட்டில் இரண்டு பேர், தோல் தொழிற்சாலைக்காரர்கள்: "இன்னா மழ இது. ஈரத் தோலு அப்டியே கெடக்குது, எங்க காயப் போடறது?" "பேஜார்தாம்பா."

நவம்பர் 7, வெள்ளி

ஜும்மா முடிந்து அன்வர் சாப்பிட வந்தார். எனக்கு மதியத்துக்கு மேல் வகுப்பு இல்லை. சாப்பாட்டு மேஜையிலேயே லேப்டாப்.

அன்வர் தோல் தொழிற்சாலையில் ஃபினிஷிங் பிரிவு. ஷேடு பார்ப்பவர். அனுப்ப வேண்டிய தோலின் நிறமும் வாங்குபவர் ஓகே சொன்ன நிறமும் ஒன்றுதானா என்று விளக்குப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்துச் சொல்வது அவர் வேலை. சட்டை நிறம் கண்ணை ஏமாற்றும் என்று வேலைக்குச் சாம்பல் நிறச் சட்டைதான் போடுவார். ஆறு சட்டை, ஆறும் சாம்பல். கல்யாணமான புதிதில் நான் வாங்கித் தந்த சிவப்புச் சட்டை இன்னும் மடிப்புக் கலையாமல் இருக்கிறது.

எங்கள் பழைய படத்தைக் காட்டினேன். எனக்கு ரொம்பப் பிடித்த படம். செவ்வாய்க் கிரகத்தைச் சுற்றி மெல்லிய ஹைட்ரஜன் மூட்டம் உண்டு. சூரியனின் புற ஊதா ஒளி பட்டு அது மினுங்கும். பதினோரு வருஷச் சுழற்சியில் சூரியன் அடங்கும் வருஷங்களில் அந்த மினுக்கமும் குறைய வேண்டும். எங்கள் புள்ளிகளில் குறையவே இல்லை. நேர்கோடு. அப்படியென்றால் ஹைட்ரஜன் கூடியிருக்க வேண்டும் என்று எழுதினோம். வாழ்க்கையில் நான் கண்டுபிடித்தது என்று சொல்லிக்கொள்ள இது ஒன்றுதான்.

அன்வர் சோற்றுக் கையோடு குனிந்து பார்த்தார்.

"இத்தன வருசத்துல உன் மிஷினு கண்ணு மங்காதா?"

"மங்கும். எவ்வளவு மங்குச்சின்னு கணக்குப் போட்டு சரி பண்ணித்தான் தருவாங்க."

"எத்த வெச்சி சரி பண்ணாங்க?"

"அதெல்லாம் அவங்க பார்த்துப்பாங்க."

"அப்டி இன்னா நம்பிக்க? நாங்க பையர் ஓகே பண்ண தோல் பீஸ ரெண்டா வெட்டுவோம். ஒண்ணு கைல வெச்சி டெய்லி மேட்ச் பண்ண. இன்னொண்ணு கருப்பு கவர்ல போட்டு அலமாரில. கைல இருக்கறது வெளிச்சத்துல நெறம் மாறிக்கினே இருக்கும். நமக்குத் தெரியாது. வர்ற தோலும் அத்தோட சேர்ந்து மாறிக்கினே போவும். ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும், எல்லா லாட்டும் பாஸு. மாசத்துக்கு ஒரு தபா கருப்பு கவரப் பிரிச்சாத்தான் வண்டவாளம் தெரியும்."

ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டார்: "உங்களுக்கு கருப்பு கவரு எது?"

எரிச்சலாக வந்தது. அப்பளம் வேண்டுமா என்று கேட்டேன்.

நவம்பர் 9, ஞாயிறு

அளவுத்திருத்த ஆவணம் மறுபடியும், முதல் பக்கத்திலிருந்து. ஏழு வருஷத்துக்கு முன்னால் புரட்டிக்கொண்டு போன பக்கங்கள். 61ஆம் பக்கம், அடிக்குறிப்பு, எறும்பு எழுத்து.

ஆரம்பத்தில் நட்சத்திரங்களைப் பார்த்துத்தான் திருத்தியிருக்கிறார்கள். பிறகு எரிபொருளை மிச்சம் பிடிக்கக் கலத்தைத் திருப்புவதைக் குறைத்துவிட்டார்கள். அதனால் கிரகம் இல்லாத பக்கத்து வெறும் வானத்தைப் பார்த்தே திருத்தம். அந்த அலைநீளத்தில் வெறும் வானமும் லேசாக ஒளிரும். 'அவ்வொளி மாறாதது எனக் கொள்ளப்பட்டது.'

கொள்ளப்பட்டதாம்! யாரைக் கேட்டுக் கொண்டார்கள்?

வானம் ஏன் ஒளிர்கிறது? கிரகங்களுக்கு நடுவிலும் ஹைட்ரஜன் இருக்கிறது. அதன் மேல் படுவதும் இதே சூரியன்தான். சூரியன் அடங்கினால் வானமும் மங்கும், செவ்வாயும் மங்கும். வானம் மங்கியதைக் கருவி மங்கியதாக எடுத்துக்கொண்டு எல்லா எண்ணையும் தூக்கிவிட்டிருக்கிறார்கள். மங்கிய வானத்தை வைத்து மங்கிய செவ்வாயை அளந்தால்? குறையாது. எந்த வருஷம் பார்த்தாலும் நேர்கோடுதான்.

சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி படித்தேன். மாறவில்லை.

ஆனால் சந்தேகம் நிரூபணம் ஆகாது. கருப்பு கவர் வேண்டும். தேடினேன். இருக்கிறது. நட்சத்திரம் பார்ப்பதை அடியோடு நிறுத்தவில்லை, எப்போதாவது பார்த்திருக்கிறார்கள். தனி அடைவில் (ஃபோல்டர்) ஏழு பதிவு. பெயர்: 'பொறியியல் சோதனை. ஆய்வுக்குப் பயன்படுத்த வேண்டாம்.' கட்டுரை எழுதும்போதும் இந்த வரியைப் பார்த்தோம். வேண்டாம் என்றார்கள், நல்ல பிள்ளைகளாகத் தொடவில்லை.

இன்று தொட்டேன். அவர்கள் திருத்தத்தையே நட்சத்திரத்துக்கும் போட்டேன். பதினொன்றரைக்குக் கரண்ட் போய்விட்டது, பேட்டரி இருபது சதவீதம். முடிப்பதற்குள் அணைந்துவிடுமோ என்று பயம். அணையவில்லை.

நட்சத்திரம் வருஷத்துக்கு வருஷம் பிரகாசமாகிக்கொண்டே போகிறது. ஏழு புள்ளியும் படிக்கட்டு மாதிரி. அது அப்படி ஆகிற நட்சத்திரம் இல்லை. திருத்தம்தான் தப்பு.

எவ்வளவு அழகாக இருக்கிறது! முதலில் தோன்றியது அதுதான். அப்புறம்தான் உறைத்தது: என் கட்டுரை போயிற்று.

நவம்பர் 11, செவ்வாய்

ஜெ.யிடம் போன். இடைவேளையில், ஆய்வகத்துக்குப் பின்னால் நின்று. எல்லாம் சொன்னேன். கடைசிவரை கேட்டாள். அப்புறம்:

"ஷாகி, எனக்கு அடுத்த மாசம் இன்டர்வியூ. உனக்குத் தெரியும்தானே?"

தெரியும். பெரிய ஆராய்ச்சி நிறுவனம். பன்னிரண்டு வருஷமாக அவள் காத்திருந்த வேலை. அவளுடைய வெளியீட்டுப் பட்டியலிலும் முதல் கட்டுரை எங்களுடையதுதான்.

"அது முடியட்டும், அப்புறம் எழுதிக்கலாம். ஒரு மாசம்தானேடி?"

"இருபதாம் தேதி கடைசி. அதுக்கப்புறம் இந்தத் தப்போடயே காப்பகத்துக்குப் போய்டும். நம்மள மாதிரியே எவளாவது எடுத்துக் கோடு போடுவா."

"நீ டாக்குமென்ட் பார்க்க வந்தவ. நானோமீட்டர், ஆங்ஸ்ட்ராம், அதெல்லாம் எழுதிக் குடு. போதும்."

"ஜெ..."

"உன் கண்டுபிடிப்ப நீ கொல்லு. என்னுதையும் சேர்த்து எதுக்குக் கொல்ற?"

வைத்துவிட்டாள். அவள் மேல் கோபம் வரவில்லை. அவள் இடத்தில் நான் இருந்தால் இன்னும் மோசமாகப் பேசியிருப்பேன்.

நவம்பர் 13, வியாழன்

மழை நின்றது. உள்தேர்வு விடைத்தாள் 58. திருத்தியது 9.

ஜெ. வாட்ஸ்அப் பார்க்கிறாள், பதில் போடுவதில்லை. நீல டிக்.

நான் தப்பாகப் பார்த்திருந்தால்? அப்படி இருக்கக் கூடாதா என்று ஒரு ஆசை. பெட்டியின் வெப்பநிலை காரணமாக இருக்கலாம் என்று 'உபரி'யை எடுத்துப் பொருத்திப் பார்த்தேன். பொருந்தவில்லை. நட்சத்திரம் கருவியின் ஓரத்தில் விழுந்திருக்குமோ? இல்லை, நட்ட நடுவில். நான்கு வழியில் என் கண்டுபிடிப்பைக் காப்பாற்றப் பார்த்தேன். நான்கும் கைவிட்டன.

நவம்பர் 16, ஞாயிறு

ஏழு நட்சத்திரப் புள்ளிகளை வைத்து நானே திருத்தி, செவ்வாயை மறுபடி வரைந்தேன். குறைகிறது. சூரியன் அடங்க அடங்க, பாடப்புத்தகம் சொன்ன மாதிரியே. இதில் அதிசயம் எதுவும் கிடையாது. இப்படி வந்திருந்தால் அன்றைக்கு யாரும் கட்டுரையே கேட்டிருக்க மாட்டார்கள்.

கொஞ்சம் அழுதேன். அன்வர் பார்த்துவிட்டார்.

"உன் தோஸ்த்து இன்னா சொல்லுது?"

"பேசறதில்ல."

"அனுப்புன லாட்டு திரும்பி வந்தா எங்களுக்கும் இப்டித்தான். ரெண்டு நாளு ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பார்க்க மாட்டோம்."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா, அதே டேபிள்லதானே வேல செய்யணும்."

நவம்பர் 18, செவ்வாய்

படிவம் நிரப்பத் தொடங்கினேன். சிறு குறைகள் 23. நடுத்தரம் 6. கடுமையானது 1: வானப் பின்னணி மாறாதது எனக் கொண்டது. சான்று, ஏழு பதிவு, என் படம். அந்த அடைவின் பெயரை மாற்ற வேண்டும் என்றும் சேர்த்தேன்.

கடைசிக் கட்டம்: 'இக்குறையால் பாதிக்கப்பட்ட வெளியீடுகள் (தெரிந்தால்).'

'தெரிந்தால்' என்ற ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நழுவிவிடலாம். காலியாக விட்டால் யாரும் கேட்கப் போவதில்லை. கர்சர் மினுங்கிக்கொண்டே இருந்தது. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

ஜெ.வுக்குச் செய்தி: "நாளை காலை பத்து மணிக்கு அனுப்பப் போகிறேன். நம் கட்டுரையின் பெயரோடு. மன்னிச்சுக்கோ."

நீல டிக்.

நவம்பர் 19, புதன்

10.00. 10.10. போன் வரவில்லை. 10.15க்கு அனுப்பினேன்.

பிறகு இதழ் ஆசிரியருக்குத் திருத்தக் கடிதம் ஒன்று எழுதினேன். 'கணக்கீடு முழுவதும் என்னுடையது. தவறும் என்னுடையது.' கையெழுத்து என்னுடையது மட்டும். முதல் பாதி உண்மை இல்லை, இருவரும்தான் போட்டோம். இன்டர்வியூவுக்கு முன்னால் அவள் முடிந்த அளவு குறைவாக அடிபடட்டும் என்று நினைத்தேன். இதழுக்கு இன்னும் அனுப்பவில்லை. வரைவை மட்டும் ஜெ.வுக்குத் தட்டிவிட்டேன்.

மீதி விடைத்தாள் 49. ஒருத்தி ஒளியின் வேகம் மணிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் என்று எழுதியிருக்கிறாள்.

நவம்பர் 20, வியாழன்

காலை ஏழரை. சின்னவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். போன். ஜெ.

"எட்டாவது ஒண்ணு இருக்குடி."

"என்னது?"

"நட்சத்திரம். ஏழுன்னு எழுதியிருக்க. எட்டு. தேதி தப்பாப் போட்டு வேற ஃபோல்டர்ல கெடக்குது. ஒரு வாரமா நானும் அதத்தான் நோண்டிக்கிட்டு இருக்கேன். நீ தப்புன்னு காட்டிடலாம்னுதான் ஆரம்பிச்சேன். அதுவும் உன் படிக்கட்டுலயே போய் உக்காருது, சனியன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பின்னல் கையிலிருந்து நழுவியது.

"இன்டர்வியூ?"

"போறேன். கேட்டா சொல்வேன். கேக்கலன்னாலும் சொல்வேன். வேல குடுத்தா குடுக்கட்டும். அத விடு. அந்த லெட்டர்ல என் பேரு எங்க?"

"இல்லடி, உனக்கு எதுக்கு..."

"கட்டுரைல முதல் பேரு என்னுது. அப்போ நான் முன்னாடி நிக்கணும், தப்புன்னு ஆனா நீ மட்டும் தனியா நிப்பியா? ஒழுங்கா எழுது. வரிசைய மாத்தாத."

எட்டாவது பதிவைப் பிற்சேர்க்கையாகக் காப்பகத்துக்கு அனுப்பினேன், கடைசி நாளிலேயே. கடிதத்தைத் திருத்தினேன். 'தவறு எங்களுடையது.' முதலில் ஜெயந்தி. அடுத்து ஷாகிரா. 8.50க்கு இதழுக்குப் போய்விட்டது. பஸ்ஸைத் தவறவிட்டேன்.